சாம்பியன் ரீப் சுரங்கக் கூண்டும் அதன் பாதுகாப்பும்

சாம்பியன் ரீப் கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் இயங்கிய தங்கச் சுரங்கம். அதன் பெயரே சுற்றியுள்ள குடியிருப்புப் பகுதிக்கும் வழங்குகிறது. ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம்வரை தோண்டப்பட்ட இது உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக இருந்தது. தொழிலாளர்களை நிலத்துக்கடியில் கொண்டுசேர்த்த கேஜ் என்னும் கூண்டு, அதை இயக்கிய வைண்டிங் எஞ்சின், ஷாஃப்ட் என்னும் செங்குத்துக் குழியின் மேல் நிற்கும் ஹெட்கியர் கோபுரம் ஆகியவை தென்னிந்தியத் தொழில் வரலாற்றின் முக்கியச் சான்றுகள்.

வரலாறு

தங்கவயலில் நவீனச் சுரங்கத் தொழில் 1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் நிர்வாகத்தில் வளர்ந்தது. மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க் ஆகியன முதன்மைச் சுரங்கங்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து குடியேறியவர்கள் நிலத்தடி வேலையின் பெரும்பகுதியைச் செய்தனர். அவர்களில் தமிழ்த் தலித் மக்கள் மிகுதி. லயன் என்னும் வரிசை வீடுகளில் வாழ்ந்த அவர்களின் அன்றாடம் ஷிப்ட் சங்கையும் கூண்டின் நேரத்தையும் ஒட்டியே நடந்தது.

1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காரப்பேட்டை) மாரிகுப்பம் வரை ரயில் பாதை திறக்கப்பட்டது. கோரமண்டல், ஊரிகம், சாம்பியன் ஆகியவை அதன் நிலையங்கள். 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 147 கிலோமீட்டர் தொலைவுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூருக்கு மின்விளக்கு வந்த 1905க்கு மூன்றாண்டு முன்பே சுரங்கங்களுக்கு மின்சாரம் கிடைத்துவிட்டது.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் அவை மத்திய அரசின் பொறுப்புக்கு மாறின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. 120 ஆண்டுகளில் கிடைத்த தங்கம் ஏறத்தாழ 800 டன்.

நிலத்தடிப் போக்குவரத்து

கூண்டு ஷாஃப்டின் பக்கங்களில் பொருத்தப்பட்ட வழிகாட்டிகளுக்கிடையே ஏறி இறங்கும். அதைத் தாங்கும் எஃகு வடம் ஹெட்கியரின் உச்சியில் உள்ள சக்கரத்தின் மேலாகச் சென்று, வைண்டிங் எஞ்சினின் உருளையில் சுற்றிக்கொள்ளும். எஞ்சினை இயக்குபவர் கூண்டைப் பார்ப்பதில்லை. மணிச் சைகைகளையும் ஆழம் காட்டும் கருவியையும் நம்பியே அவர் வேலை செய்வார். ஆட்களுக்குக் கூண்டும் தாதுக்கல்லுக்கு ஸ்கிப் என்னும் தொட்டியும் பயன்பட்டன.

ஆழம் கூடக்கூட வடத்தின் நீளமும் எடையும் கூடும். ஓர் அளவுக்குமேல் வடத்தின் வலிமையில் பெரும்பங்கு அதன் சொந்த எடையைத் தாங்கவே செலவாகிவிடும். எனவே ஒரே ஷாஃப்டில் அடிமட்டம்வரை இறங்காமல், நிலத்தடியில் வேறு ஷாஃப்டுகளுக்கு மாறிச் செல்லும் முறை கையாளப்பட்டது. கிடைமட்டச் சுரங்கப் பாதைகளில் குறுகிய தண்டவாளத்தின் மீது டிரக்குகள் ஓடின.

ஆழ்மட்டப் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டியது. அழுத்தம் தாளாமல் பாறை திடீரென வெடித்துச் சிதறும் நிகழ்வுகள் பல உயிர்களைப் பறித்தன. இதே ஆழம் அறிவியலுக்கு உதவியது. 1965இல் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் குழு வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்களின் தடத்தைப் பதிவு செய்தது.

பாதுகாப்புச் சிக்கல்கள்

சுரங்கங்கள் மூடப்பட்டு நீரிறைப்பு நின்றதும் ஆழ்மட்டங்களில் நீர் நிரம்பியது. ஆகவே நிலத்தடிப் பாதைகளை உள்ளபடியே காட்சிக்கு வைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. மேற்பரப்பில் உள்ளவற்றுக்கும் இடர்கள் உண்டு. பராமரிப்பற்ற எஃகுக் கோபுரம் துருப்பிடிக்கும். எண்ணெய் காணாத வடம் உள்ளிருந்தே அரிக்கப்படும். பழைய எந்திரங்களின் பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாசும் பூச்சுகளில் ஈயமும் இருக்கக்கூடும் என்பதால் துப்புரவுக்கு முன் பரிசோதனை தேவை. பழைய இரும்பாக விற்றால் வரும் பணமும் பாதுகாப்புக்கு எதிராக நிற்கிறது.

சட்டத்தின் துணையும் குறைவு. நினைவுச் சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டம், தொல்பொருள்களுக்கான 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஆகிய இரண்டும் பொதுவாக நூறாண்டுப் பழமையை எதிர்பார்க்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி எந்திரங்கள் இவற்றுள் அடங்குவதில்லை. மைசூரு ரயில் அருங்காட்சியகத்தில் மகாராணியின் 1899ஆம் ஆண்டு ரயில் பெட்டி பேணப்படுகிறது. தொழிலாளர் ஏறிச் சென்ற வண்டிகளுக்கு அத்தகைய கவனம் அரிது.

பிறநாட்டு எடுத்துக்காட்டுகள்

நியூயார்க் போக்குவரத்து அருங்காட்சியகம் 1976இல், கைவிடப்பட்ட கோர்ட் ஸ்ட்ரீட் நிலத்தடி நிலையத்திலேயே தொடங்கப்பட்டது. பழைய சப்வே பெட்டிகள் அங்கே தண்டவாளத்தின் மீதே நிற்கின்றன. புடாபெஸ்டிலும் 1975 முதல் ஒரு பழைய மெட்ரோ சுரங்கப் பகுதி அருங்காட்சியகமாக உள்ளது. வேல்சில் 1980இல் மூடப்பட்ட பிக் பிட் நிலக்கரிச் சுரங்கம் 1983 முதல் பார்வையாளர்களைக் கூண்டில் 90 மீட்டர் ஆழத்துக்கு இறக்கிக் காட்டுகிறது. ஜெர்மனியின் போக்கும் என்னும் நகரில் உள்ள சுரங்க அருங்காட்சியகம் டார்ட்மண்டிலிருந்து ஒரு ஹெட்கியரைக் கழற்றிக் கொண்டுவந்து நிறுவியது.

இவற்றில் வண்டி அதன் பாதையிலோ, அதை இயக்கிய அமைப்பின் உறுப்புடனோ பேணப்பட்டுள்ளது. மேடையில் தனியே வைத்த கூண்டு ஓர் இரும்புப் பெட்டியாக மட்டுமே தெரியும். ஹெட்கியர், எஞ்சின் அறை, வடம், மணிச் சைகைப் பலகை, வேலைப் பதிவேடுகள், அதில் இறங்கியவர்களின் வாய்மொழிப் பதிவு ஆகியவை சேர்ந்தால்தான் அதன் பயன் விளங்கும். சாம்பியன் ரீப்பில் ஷாஃப்டின் வாயைப் பாதுகாப்பாக மூடிவிட்டு, ஒரு முழுத் தொகுதியை அதே இடத்தில் காப்பதே பொருத்தமான வழி. அந்தச் சுரங்கத்தில் இறங்கிய கடைசித் தலைமுறையினர் இன்று முதியவர்கள் என்பதால், வாய்மொழிப் பதிவே முதலில் செய்யவேண்டிய பணி.