பணியிடப் பாலினச் சமத்துவப் பயிற்சி: விசாகா தீர்ப்பு முதல் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வரை

முன்னுரை

இந்தியப் பணியிடங்களில் பாலினச் சமத்துவப் பயிற்சி சட்டக் கடமையாக உருப்பெற்ற வரலாறு ஒரு சிற்றூரில் தொடங்குகிறது. இராஜஸ்தான் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊர்ப்பணியாளராக இருந்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதால் 1992இல் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அதனையொட்டி மகளிர் அமைப்புகள் தொடுத்த பொதுநல வழக்கே விசாகா வழக்கு.

அறிவிப்பும் பயிற்சியும்

1997 ஆகஸ்டு 13 அன்று உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள், விழிப்புணர்வுக்கு உரிய வழியாக, அந்நெறிமுறைகளை எல்லோர் பார்வையிலும் படுமாறு அறிவிப்பதையே சிறப்பாகச் சுட்டின. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 19, ஊழியர்க்குக் குறித்த கால இடைவெளிகளில் பயிலரங்கும், உள்ளகக் குழு உறுப்பினர்க்கு அறிமுகப் பயிற்சியும் நடத்துவதை வேலையளிப்பவரின் கடமையாக்கியது.

10 பேருக்குக் குறைவான ஊழியர் உள்ள பணியிடங்களிலிருந்தும் வீட்டுப் பணியாளரிடமிருந்தும் எழும் முறையீடுகளை மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு ஏற்கிறது. அக்குழுவினர்க்கான பயிற்சியை, நிதியும் பிற வளங்களும் இருப்பதற்கு உட்பட்டு, அரசு வகுக்கலாம் என்கிறது பிரிவு 24. முன்னதில் ‘வேண்டும்’ என நின்ற வினை இங்கு ‘லாம்’ என நெகிழ்கிறது. மேலும், பயிலரங்குகளைப் பொறுத்தவரை 2013ஆம் ஆண்டு விதிகள் ஆண்டறிக்கையில் கோருவது எண்ணிக்கையையே, உள்ளடக்கத்தை அன்று.

முடிவுரை

ஊரகப் பணியாளர் ஒருவருக்கு நேர்ந்த கொடுமையிலிருந்து பிறந்த பயிற்சிக் கடமை, நிறுவனங்களுக்குள் உறுதியாகவும் அவற்றிற்கு வெளியே தளர்ந்தும் நிற்கிறது. எனவே, இப்பயிற்சியின் வரலாற்றை நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைக் கொண்டு மட்டுமன்றி, மாவட்ட உள்ளூர்க் குழுக்களின் ஆவணங்களைக் கொண்டும் எழுதுதல் இன்றியமையாதது.