பல் மருத்துவ மாணவர்களின் நோயாளிவழிப் பயிற்சியும் தேர்வும்: சேலம் வட்டாரப் பின்னணியில் ஒரு வரலாறு

பல் மருத்துவ மாணவர் நேரடியாக நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துக் கற்பதும், அத்திறன் பல்கலைக்கழகத்தால் சோதிக்கப்படுவதும் பல் மருத்துவக் கல்வியின் மையப் பகுதியாகும். பொது மருத்துவ மாணவர் பெரும்பாலும் பார்த்துக் கற்கிறார். பல் மருத்துவ மாணவரோ பட்டம் பெறும் முன்பே பல்லைக் குடைந்து அடைக்கவும், பிடுங்கவும், பல்செட்டு பொருத்தவும் வேண்டியுள்ளது. இதனால் மாணவரின் மதிப்பெண்ணும் நோயாளியின் நலனும் ஒரே நாற்காலியில் சந்திக்கின்றன.

தொடக்கம்

உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் தொடங்கப்பட்டது. அதற்கு முன் இத்தொழில் பெரும்பாலும் குருவிடம் உடனிருந்தே கற்கப்பட்டது. இந்தியாவில் மருத்துவர் ரஃபியுதீன் அகமது 1920இல் கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம் தொழிலுக்குப் பதிவையும் கல்விக்குப் பொது நெறியையும் ஏற்படுத்தியது. அச்சட்டத்தின்படி 1949இல் இந்தியப் பல் மருத்துவக் குழு அமைந்தது. தமிழ்நாட்டில் 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது.

சேலம் வட்டாரம்

நீண்ட காலம் சேலத்து மாணவர்கள் இப்படிப்புக்காகச் சென்னைக்குச் செல்ல வேண்டியிருந்தது. 1980களில் சேலத்தை அடுத்த அரியானூரிலும், 2000களில் நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டிலும் தனியார் கல்லூரிகள் எழுந்தன. அரியானூர்க் கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கீழும், திருச்செங்கோட்டுக் கல்லூரி தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழும் வந்தன.

இக்கல்லூரிகளின் புறநோயாளிப் பிரிவுகளில் கட்டணம் குறைவு. அம்மாபேட்டை போன்ற நெசவாளர் பகுதிகளில் அன்றாடக் கூலியை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இது பெரிய வாய்ப்பு. அதே சமயம், அங்கு வரும் நோயாளி இல்லாமல் மாணவரின் படிப்பு நிறைவடையாது. சேலம், தருமபுரிப் பகுதிகளின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த இடங்கள் உண்டு. அதனால் பழுப்பேறிய பற்களை மாணவர்கள் நூலில் மட்டுமன்றி நேரிலும் காண்கின்றனர்.

பயிற்சியின் படிகள்

கிளாஸ்கோவைச் சேர்ந்த ஆஸ்வால்டு பெர்கசு 1894இல் உருவாக்கிய மாதிரித் தலை, நோயாளியைத் தொடும் முன் கைப்பழக்கம் பெற வழி செய்தது. இன்றும் முதல் இரண்டு ஆண்டுகள் மாதிரித் தலை, மெழுகு, பிடுங்கிய பற்கள் ஆகியவற்றில் பயிற்சி நடைபெறுகிறது. மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் மாணவர் சிகிச்சைப் பிரிவுகளுக்குச் செல்கிறார். அதன்பின் ஓராண்டு சுழற்சிப் பயிற்சி உண்டு. இதில் மூன்று மாதங்கள் சமூகப் பல் மருத்துவத்துக்கும் ஊரகச் சேவைக்கும் உரியவை.

மதிப்பீடும் சிக்கலும்

2007ஆம் ஆண்டு விதிமுறைகள் ஒவ்வொரு பாடத்துக்கும் எழுத்துக்கு 70, வாய்மொழித் தேர்வுக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என மதிப்பெண் வகுத்தன. செய்முறைக்குத் தனியே 100 மதிப்பெண். இரண்டிலும் தனித்தனியே 50 விழுக்காடு பெற்றாலே தேர்ச்சி.

இத்துடன் ஒவ்வொரு துறையும் மாணவர் முடிக்க வேண்டிய சிகிச்சைகளின் எண்ணிக்கையை வரையறுக்கிறது. அளப்பதற்கு எளிது என்பதே இம்முறையின் பலம். ஆனால் பத்துப் பற்களை அடைத்தவர் நன்றாக அடைத்தார் என்பதற்கு எண்ணிக்கை சான்றாகாது. செய்முறைத் தேர்வுக்குப் பொருத்தமான சொத்தைப் பல்லோ, பல் முழுதும் இழந்த முதியவரோ கிடைக்க வேண்டும் என்பதால், மாணவரே நோயாளியைத் தேடி வைத்துக்கொள்ளும் வழக்கமும் வளர்ந்தது. அந்நோயாளி தேர்வு நாளன்று வராவிட்டால் மாணவர் தவிக்கிறார். தேர்வு நாளுக்காகச் சிகிச்சை தள்ளிவைக்கப்பட்டால் நோயாளி வலியுடன் காத்திருக்கிறார்.

மாற்றங்கள்

இக்குறைக்கு மாற்றாக உலகளவில் இரு வழிகள் முன்வைக்கப்பட்டன. 1975இல் இசுக்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்டு ஹார்டன் அறிமுகப்படுத்திய நிலையத் தேர்வில், எல்லா மாணவரும் ஒரே பணிகளை ஒரே அளவுகோலின்கீழ்ச் செய்கின்றனர். மற்றொன்று, ஒருநாள் தேர்வை விட ஆண்டு முழுதும் நாற்காலியருகே நடக்கும் தொடர் கவனிப்புக்கு எடை தருவது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம், 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்டது. நாடு முழுமைக்கும் பொதுவான வெளியேறு தேர்வுக்கும் அது வகை செய்கிறது.

பொதுத்தேர்வு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் குறைக்கலாம். எனினும் கையின் நிதானத்தையும், வலிக்கிறது என்று நோயாளி கையை உயர்த்தும்போது கருவியை நிறுத்தும் பண்பையும் உடனிருக்கும் ஆசிரியரே அளக்க முடியும். மாணவரின் வாய்ப்பும் நோயாளியின் பாதுகாப்பும் அந்த ஆசிரியரின் கவனத்தையே சார்ந்துள்ளன.