இரணைமடுவுக்குக் கட்டு வந்த கதை

கொழும்பு பாமன்கடையில் எங்கள் ஒழுங்கைக்குக் கிட்ட ஒரு கால்வாய் ஓடுகிறது. கார்த்திகை மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் அது கரை முட்டும். அன்றிரவே கிளிநொச்சிக்குத் தொலைபேசி எடுப்பேன். கேட்பது ஒன்றுதான்: "குளம் வான் பாயுதோ?"

நான் கேட்கும் குளம் இரணைமடு. இரணை என்றால் இரட்டை. கனகராயன் ஆற்று வழியில் இரண்டு மடுக்கள் இருந்ததால் வந்த பெயர். மாரியில் ஆறு பெருகிச் சுண்டிக்குளம் நீரேரிக்கு ஓடிவிடும். கோடையில் நிலம் வெடித்துக் கிடக்கும். இந்த ஆற்றை மறிக்க 1885இல் திட்டம் வரைந்தவர் ஹென்றி பார்க்கர். இலங்கையின் பழைய குளங்களை அளந்து, அவற்றின் துருசு (மதகு) அமைப்பை வியந்து எழுதிய பொறியியலாளர் அவர். 1902இல் தொடங்கிய வேலை 1920 அளவில்தான் முடிந்தது. காடு வெட்டிக் குடியேறியவர்கள் குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைத்தார்கள். கிளிநொச்சி நகரமானது அப்படித்தான்.

ஆற்றை மறித்தது மண்கட்டு. மண்கட்டு என்றால் மண்ணைக் குவித்துவிடுவது அல்ல. ஈரப்பதம் பார்த்து, படை படையாகப் போட்டு இறுக்க வேண்டும். தண்ணீர்ப் பக்கம் அலை அரிக்காமல் கல் பதிக்க வேண்டும்; மறுபக்கம் புல் பிடிக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும், வெள்ளம் ஒருமுறை கட்டுக்கு மேலால் வழிந்தால் வெளிச்சரிவு கரைந்து கட்டே போய்விடும். அதற்காகத்தான் வான்: கட்டைவிடத் தாழ்வாக, தண்ணீர் அரிக்க முடியாதபடி கட்டிய வழி. குளத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பேன். கட்டு உடைந்தால் என்ன நடக்கும் என்பதைக் கந்தளாய்க் குளம் காட்டியது. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

இரணைமடுக் கட்டைப் பலமுறை உயர்த்தினார்கள். கடைசித் திருத்தத்தில் குளம் தேக்கும் நீரின் உயரம் 34 அடியிலிருந்து 36 அடியானது. அது முடிந்த 2018 டிசம்பரிலேயே பெருமழை வந்தது. வான்கதவுகளால் பாய்ந்த தண்ணீர் தாழ்ந்த ஊர்களுக்குள் புகுந்தது. சனம் பள்ளிக்கூடங்களில் தங்கியது. கதவுகளை இன்னும் முந்தித் திறந்திருக்கலாமே என்ற கேள்வி அப்போது எழுந்தது. நியாயமான கேள்வி. ஆனாலும் கட்டு தாங்கியது.

கொழும்பிலிருந்து வன்னிக்குக் காணி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோடையில் காய்ந்து கிடக்கும் வான் வாய்க்காலை வெறும் தரை என்று எண்ணி வேலி போடாதீர்கள். மாரியில் தண்ணீர் எந்த வழியால் போகும் என்று அங்குள்ள கமக்காரர் ஒருவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.