மினாங்கபாவ்: தாய்வழி நிலமும் ஷரீஅத்தும்

போன எபிசோட்ல, "வழக்கமும் தீர்ப்பு சொல்லும்"னு ஃபிக்ஹ்ல ஒரு விதி இருக்குன்னு பாத்தோம். ஆனா வழக்கம் ஒண்ணு சொல்லி, குர்ஆன் தெளிவா வேற சொன்னா?

மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் முஸ்லிம்கள். ஆனா அவங்க பூர்வீக நிலமும் வீடும் தாய் வழியில பெண்களுக்குத்தான் போகும். ஷரீஅத்படி மகனுக்கு மகளைவிட இரண்டு மடங்கு பங்கு.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துல பத்ரி சீர்திருத்தக்காரர்கள் ஊர் வழக்கங்களை எதிர்த்துக் கிளம்ப, போர் வெடிச்சது. டச்சுக்காரர்கள் உள்ளே புகுந்தாங்க. 1837-ல் இமாம் போன்ஜோல் பிடிபட்டார். நில வழக்கம் மட்டும் அப்படியே நின்னுச்சு.

பிறகு மக்காவில் இமாமாக இருந்த அஹ்மத் காத்திப், தானே மினாங்கபாவ்காரராக இருந்தும், இந்த வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தார். அவரோட மாணவர் ஹாஜி ரசூல் வேற மாதிரி யோசிச்சார். பூர்வீக நிலம் எந்தத் தனி ஆளுக்கும் சொந்தமில்ல, வக்ஃப் மாதிரி. செத்தவரோட சொத்தே இல்லன்னா, அதை எப்படிப் பங்கு போடுறது?

1952-ல் புக்கிட்டிங்கி மாநாட்டில் மார்க்க அறிஞர்களும் குலத் தலைவர்களும் சேர்ந்து முடிவெடுத்தாங்க: பூர்வீகச் சொத்துக்கு ஊர் வழக்கம், சம்பாதிச்ச சொத்துக்கு ஷரீஅத்.

இது சமாளிப்புன்னு சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோணல. நிலம் துண்டாகியிருந்தா, அந்தப் பெண்களோட வீடும் வயலும் கைமாறிப் போயிருக்கும்.