பொங்கலுக்கு ஒரு புத்தகம்

நம் இளமையில் பொங்கல் என்றால் புதுத்துணி, கரும்பு, வாழ்த்து அட்டை. புத்தகம் அந்த வரிசையில் சேர்ந்தது பிற்பாடுதான். 1977இல் சென்னை அண்ணா சாலையில், மதரஸா-இ-ஆசம் பள்ளி வளாகத்தில் பபாசி முதல் புத்தகக் காட்சியை நடத்தியது. பின்னாளில் அது பொங்கல் விடுமுறையை ஒட்டி அமைய, பதிப்பகங்களும் புது வெளியீடுகளை ஜனவரிக்கென்றே தயார் செய்தன.

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வந்த தொடர். வாரா வாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த வீடுகள் பல. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு மலிவுப் பதிப்புகள் குவிந்தன. ஐந்து பாகமும் பரிசளிப்பது சாதாரணக் குடும்பத்துக்கும் கட்டுபடியாயிற்று.

இன்று பேரப்பிள்ளைகள் கையில் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். அவர்கள் தமிழ் வாசிப்பார்களா என்பதுதான் என் கவலை. சின்னதுகளுக்குப் படக்கதை, கல்லூரிப் பிள்ளைக்குப் புது நாவல் என்று வாங்குகிறேன். நீங்களும் வாங்குங்கள், முதல் பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதிக் கொடுங்கள்.