வயலின் சுருதி சேர்த்தலும் ட்யூனர் தேர்வும் (புதுச்சேரி)

வயலினின் நான்கு தந்திகளையும் உரிய சுருதிக்கு முறுக்கி நிறுத்துவது சுருதி சேர்த்தல். புதுச்சேரியில் இது இரு மரபுகளில் நடக்கிறது. மேற்கத்திய இசை பயில்வோர் தடித்த தந்தியிலிருந்து தொடங்கி ஜி, டி, ஏ, இ என்று வைப்பார்கள். அதிர்வெண்கள் முறையே 196, 293.7, 440, 659.3 ஹெர்ட்ஸ். கர்நாடக இசையில் அதே தந்திகள் மந்தர சட்ஜம், மந்தர பஞ்சமம், மத்திய சட்ஜம், மத்திய பஞ்சமம் ஆகிவிடுகின்றன. ச-ப-ச-ப என்றால் போதும், வித்வான்களுக்குப் புரியும்.

முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய இசைக்காரரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். கருவியில் மாறியது அதிகமில்லை. மாறியவை சுருதியும் பிடிக்கும் முறையும்தான்.

மேற்கத்திய முறையில் சுருதி நிலையானது. கர்நாடக இசையில் அது பாடகரின் குரலைப் பொறுத்து நகரும். அந்தச் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்: சி என்பது 1 கட்டை, டி 2, ஜி 5, ஏ 6. ஆண்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டை வரையிலும் பெண்கள் 5, 5½ கட்டையிலும் பாடுகிறார்கள். 5 கட்டைக்கு வைத்தால் தடித்த இரு தந்திகளும் மேற்கத்திய ஜி, டி-யிலேயே நிற்கும். மெல்லிய இரண்டு மட்டும் ஒரு முழுச் சுரம் இறங்கும். 1 கட்டைக்கு இறக்கினால் தடித்த தந்தி சுமார் 131 ஹெர்ட்ஸுக்கு வந்து தொய்ந்துவிடும், நாதமும் மங்கும். அதற்குச் சற்றுத் தடித்த தந்திகள் வேண்டும். காலையில் மேற்கத்திய வகுப்பு, மாலையில் கர்நாடக வகுப்பு என்று ஒரே வயலினை ஏற்றி இறக்குவது தந்தியை அறுக்கும் வழி. இரு மரபையும் பயிலும் பிள்ளைக்கு, மலிவானதாக இருந்தாலும், இரண்டாவது வயலின் வாங்கித்தருவதே நல்லது.

ஏ சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்ற அளவும் அண்மையில் வந்ததுதான். பிரெஞ்சு அரசு 1859இல் அதை 435 என்று சட்டமாக்கியது. அதைப் பரிந்துரைத்த குழுவில் ரோசினி, பெர்லியோஸ் போன்ற இசையமைப்பாளர்கள் இருந்தார்கள். அப்போது புதுச்சேரி பிரான்ஸின் ஆளுகையில் இருந்தது. 440 என்பதை 1939இல் லண்டன் மாநாடு ஏற்றது. இரண்டுக்கும் இடைவெளி அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. சேர்ந்து வாசிக்கும்போது காது உடனே கண்டுபிடிக்கும். வீட்டில் பழைய பிரெஞ்சு இசைக்கவை கிடந்தால் அதில் பொறித்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

சுருதியைக் காட்டும் கருவிகளான ட்யூனர்களில் கிளிப் வகை வயலினின் சுருள் தலையில் மாட்டப்படுவது. மரத்தின் அதிர்வை நேரடியாக வாங்குவதால் பக்கத்தில் மிருதங்கம் ஒலித்தாலும் தடுமாறாது. மைக் வழியே கேட்கும் கைபேசிச் செயலி அமைதியான அறைக்குப் போதும். எதை வாங்கினாலும் பன்னிரண்டு சுரங்களையும் காட்டும் குரோமாட்டிக் வகையாக இருக்க வேண்டும். கிதார், யுகுலேலிக்கென்று மட்டும் செய்தவை ச-ப-ச-ப-வுக்கு உதவாது. ஏ சுரத்தின் அளவை 440இலிருந்து மாற்றும் வசதியும் தேவை, ஏனெனில் பாடகரின் சுருதி இரண்டு அரைக் கட்டைகளுக்கு நடுவில் நிற்பதுண்டு. 445 என்று வைத்தால் எல்லாச் சுரங்களும் அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஏறும்.

ஆனால் ட்யூனரை எதுவரை நம்பலாம் என்பதற்கு எல்லை உண்டு. அது பன்னிரண்டு சுரங்களையும் சம இடைவெளியில் வைக்கும் சமப் பங்கீட்டு அளவில் பேசுகிறது. சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இயல்பான விகிதம் 3:2. ட்யூனரின் பஞ்சமம் அதைவிட 2 சென்ட் (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) குறைவு. 1 கட்டையில் மேல் இரு தந்திகளையும் ட்யூனர் சொன்னபடி வைத்துச் சேர்த்து மீட்டினால், நொடிக்கு ஏறக்குறைய ஒருமுறை ஒலி அலையும். ஆகவே சட்ஜத்தை ட்யூனரில் வைத்து, பஞ்சமத்தைத் தம்புராவோடு காதால் சேர்ப்பதே முறை. பெங்களூர் ராடெல் போன்ற மின்னணுத் தம்புராவும் இதற்குப் போதும். அந்தர காந்தாரம் இயல்பு நிலையில் ட்யூனர் காட்டுவதைவிட 14 சென்ட் தாழ்ந்தது. விரல் வைத்து வாசிக்கும் சுரங்களை ட்யூனரின் முள்ளைப் பார்த்துத் திருத்தும் மாணவர் கெட்டுப்போவார். புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதியார் ‘சங்கீத விஷயம்’ கட்டுரையில் ஆர்மோனியத்தைக் கேலி செய்திருக்கிறார். ட்யூனரைப் பார்த்திருந்தால் அதையும் விட்டிருக்கமாட்டார்.

சுருதி சேர்க்கும்போது, மெல்லிய தந்தியிலிருந்து எண்ணினால் இரண்டாவதான ஏ அல்லது மத்திய சட்ஜத் தந்தியில் தொடங்குவது வழக்கம். தந்தியை முறுக்கும் பிருடையை உள்நோக்கி அழுத்தியபடியே, தாழ்ந்த சுருதியிலிருந்து ஏற்ற வேண்டும். நுட்பமான திருத்தத்துக்கு வால்பட்டையிலுள்ள சிறு திருகு. ஒரு தந்தி ஏறினால் குதிரைமேல் அழுத்தம் மாறி மற்றவை இறங்கும் என்பதால் முழுச் சுற்றை இருமுறை செய்வார்கள். கடலோரக் காற்றில் எஃகுத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்ததும் துடைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிருடை உப்பி இறுகும். குளிரூட்டிய அறையில் அதுவே சுருங்கி வழுக்கும். அப்போது சிறிது சுண்ணக்கட்டித் தூள் போதும். தந்தி மாற்றும்போது நான்கையும் ஒன்றாகக் கழற்றக் கூடாது. உள்ளே நிற்கும் ஒலிக்கம்பு சாய்ந்துவிட்டால் பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

இசையை முறையாகப் பயில விரும்புவோருக்கு, அரியாங்குப்பத்திலுள்ள பாரதியார் பல்கலைக்கூடம் இப்பகுதியில் இசை, நடனம், நுண்கலை கற்பிக்கும் அரசு நிறுவனம்.