கோட்டையிலிருந்து மணற்காடு வரை: யாழ். குடாநாட்டின் பழைய தேவாலயங்களைப் பார்க்கப் போவோருக்கு

ஐரோப்பாவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களின் கைத்தொலைபேசியில் லூர்து மாதா, கெவலார் மாதா, கொலோன் பேராலயம் எல்லாம் இருக்கும். எந்த ஆலயம் எந்த நூற்றாண்டில் கட்டப்பட்டது என்றும் சொல்வார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் நிற்கும் இரண்டு கிழமைகளும் நல்லூர், நயினாதீவு, கசூரினா கடற்கரை என்று ஓடிவிடும். சங்கானையில் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு தேவாலயம் கூரையில்லாமல் நிற்பது, இங்கேயே வாழும் பலருக்கும் தெரியாது.

குடாநாட்டின் பழைய தேவாலயங்கள் அழகுக்காக மட்டும் பார்க்க வேண்டியவை அல்ல. யார் வந்தார்கள், எதை இடித்தார்கள், யார் ஒளிந்திருந்தார்கள், யார் திரும்பி வரவில்லை என்பதெல்லாம் அவற்றின் சுவர்களில் இருக்கிறது. போய்ப் பார்க்க விரும்புவோருக்காக முக்கியமான சிலவற்றை இங்கே தருகிறோம்.

நல்லூர் முத்திரைச் சந்தை

1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரின் கையில் வீழ்ந்தது. 1621இல் பிலிப் டி ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடித்தான். அந்தப் பழைய கோவில் இருந்ததாகக் கருதப்படும் முத்திரைச் சந்தைப் பகுதியில் இன்று அங்கிலிக்கன் சபையின் பரிசுத்த யாக்கோபு தேவாலயம் இருக்கிறது. இப்போதைய கந்தசுவாமி கோவில் ஒல்லாந்தர் காலத்தில், 1734இல், வேறோர் இடத்தில் எழுந்தது. இரண்டுக்கும் இடையே நடந்தே போகலாம். குடாநாட்டில் தேவாலயங்களின் கதை ஒரு கோவிலின் இடிபாட்டோடும் சேர்ந்தே தொடங்குகிறது என்பதை மறைக்கத் தேவையில்லை. அதைத் தெரிந்துகொண்டு மற்றவற்றைப் பார்ப்பதே நேர்மையானது.

கோட்டைக்குள் இருந்த சிலுவைக் கோயில்

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். போர்த்துக்கேயரின் கோட்டையை ஐங்கோண வடிவில் திருத்திக் கட்டினர். 1706இல் அதற்குள் நான்கு கைகளும் ஒரே அளவான சிலுவை வடிவில் ஒரு தேவாலயத்தைக் கட்டி முடித்தனர். இலங்கையில் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற கட்டடங்களில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. 1990இல் கோட்டையைச் சுற்றி நடந்த முற்றுகைப் போரோடு அது அழிந்தது. போருக்குப் பின் கோட்டை மதில்கள் நெதர்லாந்தின் உதவியுடன் திருத்தப்பட்டன. தேவாலயம் இருந்த இடத்தில் இன்று முருகைக்கல் குவியல்கள்தான். மதிலில் ஏறிக் கடலைப் படம் பிடித்துவிட்டுத் திரும்புவோர், ஒரு நிமிடம் உள்ளே இறங்கி அந்தக் கற்களையும் பார்க்க வேண்டும்.

சங்கானையும் வட்டுக்கோட்டையும்

ஒல்லாந்த மதகுரு பிலிப்பஸ் பால்தேயு 1658 முதல் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்தார். 1672இல் அம்ஸ்ரடாமில் வெளிவந்த அவரது நூலில் குடாநாட்டுத் தேவாலயங்கள் பலவற்றின் படங்கள் உள்ளன. போர்த்துக்கேயர் எழுப்பியவற்றையே பெரும்பாலும் ஒல்லாந்தரும் தமது சபைக்கு எடுத்துக்கொண்டனர். அவற்றுள் ஒன்றின் சுவர்களையே சங்கானையில் காண்கிறோம். தடித்த முருகைக்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, வளைவு வாசல். அருகில் நின்று பார்த்தால் கல்லுக்குள் பவளப் பூச்சிகள் விட்டுச்சென்ற துளைகளும் தெரியும்.

வட்டுக்கோட்டைக்கு வேறு வாழ்வு கிடைத்தது. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார், தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த பழைய தேவாலயங்களை ஆங்கில அரசிடமிருந்து பெற்றுத் திருத்தினர். வட்டுக்கோட்டைத் தேவாலயத்தின் அயலில் 1823இல் செமினரி தொடங்கியது. தமிழ் ஏடுகளை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர். இன்று அது தென்னிந்தியத் திருச்சபையின் யாழ். பேராலயம். அயலிலேயே யாழ்ப்பாணக் கல்லூரி இருக்கிறது.

சில்லாலை

ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்தனர். குருமாரை மறைத்து வைப்போருக்கு மரண தண்டனை என்று அறிவித்தனர். அந்தக் காலத்தில், 1687இல், கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். பண்டத்தரிப்புக்கு அருகிலுள்ள சில்லாலை மக்கள் அவருக்கு இடம் கொடுத்தனர். வழிபாடு இரவில், வீடுகளுக்குள் நடந்தது. 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். சில்லாலைக்குப் போவோர் கட்டடத்தைவிட அந்த ஊரைத்தான் பார்க்க வேண்டும். சட்டத்துக்குப் பயப்படாமல் ஒரு மனிதரை ஒளித்து வைத்த ஊர் அது.

தோலகட்டியும் மருதனார்மடமும்

துறவியர் மடங்களும் இங்கே உண்டு. 1928இல் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகளார் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். மௌனமும் செபமும் உழைப்புமே அவர்களின் வாழ்வு. அவர்களின் நெல்லிரசமும் முந்திரிகைப்பழ ரசமும் யாழ்ப்பாணத்தில் அறியாதவர் குறைவு. போர் அவர்களையும் இடம்பெயர வைத்தது. மருதனார்மடத்திலுள்ள கிறிஸ்த சேவா ஆச்சிரமம் 1939இல் தொடங்கப்பட்டது. இந்த மண்ணின் ஆச்சிரம முறையிலேயே கிறிஸ்தவ வாழ்வை நடத்தும் முயற்சி அது.

அடைக்கலம் தேடிய இடங்கள்

இனி வருபவை சுற்றுலா இடங்கள் அல்ல. எங்களில் பலருக்கு அவை சொந்தங்களை இழந்த இடங்கள்.

1993 நவம்பர் 13ஆம் திகதி குருநகர் புனித யாகப்பர் ஆலயம் விமானக் குண்டுவீச்சுக்கு உள்ளானது. பொதுமக்கள் கொல்லப்பட்டனர்.

1995 யூலை 9ஆம் திகதி, ‘முன்னேறிப் பாய்தல்’ இராணுவ நடவடிக்கை தொடங்கிய அன்று, வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் நவாலி புனித பேதுரு பாவிலு ஆலயத்திலும் அயலிலும் தஞ்சமடைந்திருந்தனர். விமானப்படையின் குண்டுவீச்சில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் அங்கே நினைவேந்தல் நடைபெறுகிறது.

பண்ணைப் பாலம் கடந்தால் அல்லைப்பிட்டி. 2006 ஓகஸ்ட் 13ஆம் திகதி அங்குள்ள புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தங்கியிருந்த மக்கள் மீது எறிகணைகள் வீழ்ந்தன. அவர்களைக் காப்பாற்ற ஓடித்திரிந்த பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளாரும் அவருடன் சென்ற உதவியாளரும் ஓகஸ்ட் 20ஆம் திகதி காணாமற்போயினர். பதில் இன்னும் வரவில்லை.

திரும்பக் கிடைத்ததும் மணலுக்குள் போனதும்

1990இல் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களுக்கு, துறைமுகமும் அதை அண்டிய சிறு பகுதியும் 2017 யூலையில்தான் விடுவிக்கப்பட்டன. 27 ஆண்டுகளுக்குப் பின் போனவர்கள் வீட்டையும் ஆலயத்தையும் பற்றைக்குள் தேட வேண்டியிருந்தது. வடமராட்சி கிழக்கின் மணற்காட்டில் போரல்ல, மணலே வென்றது. பழைய அந்தோனியார் ஆலயத்தின் சுவர்கள் மணல்மேடுகளுக்கு நடுவே நிற்கின்றன. 2004 ஆழிப்பேரலை இந்தக் கரையையும் விட்டுவைக்கவில்லை.

எதை வைத்திருப்பது?

இங்கிலாந்தின் கொவென்றி நகரப் பேராலயம் 1940 நவம்பர் 14 இரவு ஜேர்மன் குண்டுவீச்சில் எரிந்தது. அந்த நகரத்தவர் இடிந்த சுவர்களை அப்படியே விட்டு, பக்கத்தில் புதிய பேராலயத்தைக் கட்டினர். பேர்லினிலும் உடைந்த கோபுரம் ஒன்று அதே நோக்கில் நிற்கிறது. எங்களுடைய கிராமங்களில் புலம்பெயர் உறவுகளின் நிதியில் புதிய ஆலயங்கள் எழுகின்றன. அது நல்ல செய்திதான். ஆனால் பழைய சுவரை உடைக்கும்போது, அதிலிருந்த குண்டுச் சிதறலின் அடையாளமும் சேர்ந்தே போய்விடுகிறது. ஒரு சுவரையாவது, ஒரு வாசலையாவது வைத்திருக்க முடியுமா என்று பங்குச் சபைகள் கட்டுமுன் யோசிக்க வேண்டும்.

போகுமுன்

கோட்டை, குருநகர், நல்லூர் மூன்றையும் ஒரு நாளில் பார்க்கலாம். நவாலி, சங்கானை, வட்டுக்கோட்டை, சில்லாலை மேற்குப் பக்கம் என்பதால் இன்னொரு நாள். தெல்லிப்பழை, தோலகட்டி, மயிலிட்டி வடக்கே. மணற்காட்டுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். வெயில் ஏறமுன் போவது நல்லது.

பூசை நேரத்தில் படம் எடுப்பதைத் தவிருங்கள். செருப்பை எங்கே கழற்றுவது என்பதை ஊரவரைப் பார்த்துச் செய்யுங்கள். நவாலியிலும் அல்லைப்பிட்டியிலும் நினைவிடங்களுக்கு முன் நின்று சிரித்துப் படம் எடுக்க வேண்டாம். குடும்ப வேர்களைத் தேடுவோர் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் பற்றிப் பங்குத்தந்தையிடம் முற்கூட்டியே கேட்கலாம். பதிவேடுகளில் பல போரில் அழிந்துவிட்டன என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடப் போகும் அம்மம்மாவையோ பெரியப்பாவையோ பேசவிடுங்கள். அதைப் பதிவுசெய்து வையுங்கள். எந்த மரத்தின் கீழ் படுத்தார்கள், யார் கஞ்சி காய்ச்சினார்கள் என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.